கடுகு விதைத்தாலும் ஈயம் போகாது

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. கடுகு விதைத்தாலும் காரீயம் போகாது என்பது கணக்கு. பழமொழியை எல்லாரும் நம்புகிறார்கள். கணக்கைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

எந்தக் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் இந்த அட்டை ஒன்று கண்ணில் படும். தெர்மாகோலில் வெட்டிய செடி, வேரிலிருந்து இலைக்குப் போகும் சிவப்பு அம்புக்குறிகள், மேலே கொட்டை எழுத்தில் "காட்டுச் செடிகளால் ஈய மாசு நீக்கம்". எருக்கு, துத்தி, ஆமணக்கு, நாயுருவி, கடுகு, வெட்டிவேர் என்று ஒரு பட்டியல். செலவு கிடையாது, இயந்திரம் கிடையாது, இயற்கையே இயற்கையைச் சுத்தம் செய்துகொள்ளும் என்று விளக்கம். கேட்பவர் கைதட்டிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவார். பரிசும் பெரும்பாலும் இதற்குத்தான்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஈயத்தைப் பொறுத்தவரை இது உண்மையில்லை. வெறும் அட்டையோடு நின்றால் பரவாயில்லை. செடி வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற நினைப்பு, செய்ய வேண்டிய எளிய வேலைகளைக்கூடத் தள்ளிப்போட வைக்கிறது. தள்ளிப்போடுவதன் விலையைக் கொடுப்பது மண்ணில் விளையாடும் 3 வயதுப் பிள்ளை.

எந்த ஈயம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மயிலாப்பூர் பாத்திரக் கடையில் வாங்கி ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம். (அதில் காரீயத்தைக் கலந்து விற்றால் அது தனி வம்பு.) இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றி. கார் பேட்டரித் தகட்டிலும், தூண்டில் குண்டிலும், பழைய எனாமல் பெயின்ட்டிலும் இருப்பது அது. தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் காரீயத்தைக் கண்டு பயப்பட வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

பயப்படத்தான் வேண்டும். உடம்புக்குள் போனால் காரீயம் கால்சியம் மாதிரி வேஷம் போட்டு எலும்பிலும் நரம்பிலும் புகுந்துகொள்ளும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். சின்னக் குழந்தைகளுக்கோ பாதி வரை சேர்ந்துவிடும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

சென்னைக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வே இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்து 2009இல் வெளியிட்டது. 3 முதல் 7 வயது வரையிலான 756 சென்னைப் பிள்ளைகள். அவர்கள் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 11 மைக்ரோகிராம். அமெரிக்காவில் அப்போது கவலைக்குரிய அளவாக வைத்திருந்தது 10. அதைப் பிறகு 2012இல் 5 என்றும் 2021இல் 3.5 என்றும் குறைத்தார்கள். நம் பிள்ளைகளின் சராசரியே பழைய எல்லைக்கு மேலே. ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் அதிகம் என்று அவர்களுடைய ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளிலிருந்து அந்த ஆய்வு காட்டியது. "பையனுக்குப் படிப்பு ஏறலை" என்று தலையில் குட்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் தலையில் ஈயம் இருந்ததோ!

யூனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் என்றது. இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடிக் குழந்தைகள்.

மண்ணுக்கு எப்படி வந்தது?

மண்ணில் ஈயம் தானாக முளைக்கவில்லை. 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். அதன்பின் உலகம் முழுக்கப் புகைக்குழாய் வழியாக ஈயம் வெளியே வந்தது. சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில்தான் வந்தது. நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில். அதுவரை அண்ணா சாலையிலும் உஸ்மான் ரோட்டிலும் லஸ் கார்னரிலும் ஊர்ந்த வண்டிகளின் புகை எங்கே போயிற்று? ஈயம் மக்காது, ஆவியாகாது. சாலையோரத்து மேல்மண்ணில் விழுந்தது விழுந்தபடியே கிடக்கும், யாராவது தோண்டி எடுத்துப் போகும் வரை.

அடுத்தது பெயின்ட். மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈய நிறமிகள் தாராளமாகச் சேர்க்கப்பட்டன. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கிரில், கதவு, ஜன்னல், ஊஞ்சல் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பொங்கலுக்கு முன்னால் பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்களே, அந்தத் தூள் வாசலில் விழுந்து, மழையில் நனைந்து, மண்ணோடு மண்ணாகிறது. பழைய பேட்டரியைத் தெருவோரத்தில் உடைக்கும் இடம் என்றால் சொல்லவே வேண்டாம்.

செடிகள் ஏமாற்றுவதில்லை

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செடிகள் உலோகத்தை உறிஞ்சும் என்பது கட்டுக்கதை இல்லை. நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வரும். அந்தப் பாலைக் காய வைத்தால் எடையில் கால் பங்கு நிக்கல்! 2001இல் ஃப்ளோரிடாவில் ஒரு பெரணிச் செடி ஆர்செனிக்கை அள்ளி அள்ளி இலையில் சேர்ப்பதைக் கண்டுபிடித்தார்கள். பழைய கிணற்றுச் சுவரிலும் ஈரச் செங்கல் இடுக்கிலும் நம் நாட்டிலும் முளைக்கிற சாதாரணப் பெரணிதான் அது. நிக்கலுக்கும் ஆர்செனிக்குக்கும் இந்த வித்தை பலிக்கும்.

ஈயத்துக்குப் பலிக்காது. காரணம் செடியில் இல்லை, ஈயத்தில் இருக்கிறது. மண்ணில் பல ஆண்டுகள் கிடந்த ஈயம் களிமண்ணோடும் மக்கோடும் பாஸ்பேட்டோடும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் கரைந்தால்தானே வேர் குடிக்கும்? கொஞ்சம் கரைந்து வேருக்குள் போனாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது சொற்பம். வேரோடு பிடுங்கினால்? சல்லிவேர் பாதி அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும்.

அப்படியானால் அத்தனை பேர் பானையில் வளர்த்துக் காட்டுகிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை, ஆனால் வேறு கேள்விக்கான விடை. பானைச் சோதனையில் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சுத்தமான மண்ணை எடுத்து, தண்ணீரில் நன்றாகக் கரையும் ஈய நைட்ரேட்டை ஊற்றி, சில நாட்களிலேயே செடியை நடுகிறார்கள். புதிதாக ஊற்றிய ஈயத்தைச் செடி குடிக்கத்தான் செய்யும். உஸ்மான் ரோட்டு ஓரத்தில் 40 வருஷமாக உறைந்து கிடக்கும் ஈயம் அப்படி இல்லை. சர்க்கரைத் தண்ணீரை எறும்பு குடித்தது என்பதற்காகக் கருங்கல்லையும் குடித்துவிடும் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு கோளாறும் உண்டு. சாலையோரத்து எருக்கிலையைப் பறித்து, சரியாகக் கழுவாமல் அரைத்துச் சோதித்தால் ஈயம் அதிகமாகத்தான் காட்டும். அதில் பாதி செடி உறிஞ்சியதாக இருக்காது. இலை மேல் படிந்த தூசி!

ஒரு கிரவுண்டு கணக்கு

சென்னையில் எதற்கும் கிரவுண்டில்தானே கணக்கு? மயிலாப்பூரில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள 15 சென்டிமீட்டரை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 43 டன் மண். அதில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகக் கொண்டால் மொத்தம் சுமார் 17 கிலோ ஈயம்.

குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நெடுங்காலம் வைத்திருந்த அளவு 400. 2024 ஜனவரியில் தன் பரிந்துரையை அது 200 ஆகக் குறைத்தது. ஆக 400ஐ 200 ஆக்க வேண்டும் என்றால் 8.7 கிலோ ஈயத்தை வெளியேற்ற வேண்டும்.

இப்போது கடுகு விதைக்கலாம். கஞ்சத்தனம் வேண்டாம், வருஷத்துக்கு 3 போகம். போகத்துக்கு 100 கிலோ காய்ந்த தண்டும் இலையும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த செடியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறுவதாக இன்னும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மண்ணில் அந்த அளவே அரிது. மொத்தம் வருஷத்துக்கு 300 கிலோ செடி, அதில் 30 கிராம் ஈயம்.

8,700 கிராமை 30ஆல் வகுத்துப் பாருங்கள். 290 வருஷம்!

290 வருஷத்துக்கு முன்னால் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி உட்கார்ந்திருந்தது. இன்றைய தி.நகரின் பெரும்பகுதி லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியாக இருந்தது. 1920களில்தான் அதைத் தூர்த்து மனை போட்டார்கள். கடுகை நம்பி உட்காருபவர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். அதற்குள் விளையாடும் பிள்ளைகள் பத்துப் பதினைந்து தலைமுறை.

"இல்லையில்லை, அதிகம் உறிஞ்சும் செடி இருக்கிறது" என்பார்கள். உலோகம் சேர்க்கும் செடி என்ற பட்டம் ஈயத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் காய்ந்த இலையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று இத்துறை ஆய்வாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு செடி நன்றாகக் கொழுத்து வளர்ந்தாலும் இதே கணக்கில் 29 வருஷம். கடுகு அந்தப் பட்டத்துக்கு உரியதே அல்ல.

மருந்து ஊற்றினால்?

இந்த இடத்தில்தான் அடுத்த சீட்டை எடுப்பார்கள். இ.டி.டி.ஏ. என்றொரு ரசாயனம். உடம்பில் ஈயம் ஏறியவர்களுக்கு மருத்துவமனையில் ஏற்றும் மருந்தின் குடும்பம்தான். இதை மண்ணில் ஊற்றினால் ஒட்டிக் கிடக்கும் ஈயத்தைப் பிய்த்துத் தண்ணீரில் கரைத்துவிடும், செடியும் மடமடவென்று குடிக்கும். 1990களில் அமெரிக்காவில் இதைப் பெரிய செய்தியாக்கினார்கள். நியூ ஜெர்சி மாநிலம் டிரென்டன் நகரில் பேட்டரி ஆலை இருந்த நிலத்தில் கடுகு விதைத்துப் பார்த்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டிக் கடுகின் இனம்தான், அங்கே அதற்குப் பெயரே இந்தியக் கடுகு. நம் ஊர்க் கண்காட்சி அட்டைகளில் கடுகு ஏறி உட்கார்ந்ததற்கு அந்த நாட்களின் பரபரப்பும் ஒரு காரணம்.

ஆனால் கரைந்த ஈயம் முழுவதையும் செடி குடித்துவிடுமா? குடிக்காது. மீதி மழைத் தண்ணீரோடு கீழே இறங்கும். இ.டி.டி.ஏ. சீக்கிரம் சிதையாது, மாதக்கணக்கில் மண்ணிலேயே நின்று ஈயத்தைக் கீழே இழுத்துப் போய்க்கொண்டிருக்கும். இதனாலேயே அந்த வழியின் மீது அறிவியல் உலகில் உற்சாகம் வடிந்துவிட்டது.

இதைச் சென்னையில் செய்வதாக நினைத்துப் பாருங்கள். அடையாறும் பெசன்ட் நகரும் மணற்பாங்கான கடலோர நிலம். மேலே ஊற்றியது கீழே போக நேரமே ஆகாது. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஒவ்வொரு துளியும் நிலத்துக்குள் போகட்டும் என்று ஊரே குழி வெட்டி வைத்திருக்கிறது. மயிலாப்பூரில் கிணற்றுத் தண்ணீரை இன்னும் இறைத்துப் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. மேல்மண்ணில் சும்மா கிடந்த ஈயத்தைக் கரைத்துக் கிணற்றுக்குள் அனுப்புவதற்குப் பெயர் சுத்தம் செய்வதா? வாசலில் கிடந்த பாம்பை எடுத்துப் படுக்கையறையில் விட்ட கதை!

அறுவடையை என்ன செய்வது?

சரி, எல்லாம் நடந்தது, செடி ஈயத்தை எடுத்துக்கொண்டது என்றே வைப்போம். அறுத்த செடி எங்கே போகும்? கண்காட்சி அட்டையில் இந்தக் கேள்விக்கு அம்புக்குறியே இருக்காது.

தெருவில் போட்டால் மாடு தின்னும். மாட வீதிகளில் திரியும் மாடுகளுக்கு இது ஈயக்கீரை என்று யார் சொல்வது? குப்பைத்தொட்டியில் போட்டால், பல்லாண்டுகளாகத் தென்சென்னைக் குப்பை போய்ச் சேர்ந்த பெருங்குடிப் பக்கம் போகும். அதாவது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் விளிம்புக்கு. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம். காயப்போட்டுப் போகியன்று கொளுத்தினால் ஈயம் மறுபடி சாம்பலும் தூசுமாகி வந்த இடத்துக்கே வரும். பாதுகாப்பாக அழிக்க வேண்டுமானால் அபாயக் கழிவாக நடத்த வேண்டும். அதற்குச் செலவு உண்டு. "செலவே கிடையாது" என்ற வரி அங்கே செத்துப்போகிறது.

இன்னொரு வேடிக்கை. காட்டுச் செடி ஈயத்தை மளமளவென்று உறிஞ்சும் என்று நம்புகிறவர், கூவக்கரையிலோ பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ விளைந்த கீரையைக் கேள்வி கேட்காமல் வாங்கிப் போகிறார். செடி அப்படி உறிஞ்சுவது உண்மையானால் முதலில் பயப்பட வேண்டியது தட்டில் இருக்கும் அரைக்கீரையைப் பார்த்துத்தானே? (எந்தக் கீரையானாலும் மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். இலையில் ஒட்டிய மண்தான் பெரிய ஆபத்து.)

களை என்று பிடுங்குகிறார்களே, அதுதான் மருந்து

அப்படியானால் காட்டுச் செடிகளால் பயனே இல்லையா? இருக்கிறது, பெரிய பயன். ஆனால் அது உறிஞ்சுவதில் இல்லை, மூடுவதில் இருக்கிறது.

மண்ணில் ஈயம் இருப்பதால் மட்டும் குழந்தைக்குக் கேடு வருவதில்லை. அந்த மண் கைக்கு வந்து, கை வாய்க்குப் போவதால் வருகிறது. காற்றில் பறந்த தூசு ஜன்னல் வழியாக வீட்டுத் தரையில் படிவதால் வருகிறது. வெறும் மண்ணை அருகம்புல் மூடிவிட்டால் அந்தப் பாதை பாதி அடைபட்டுவிடும். வேர்கள் மண்ணைக் கெட்டியாகப் பிடித்து மழையில் ஓடவிடாமல் வைத்துக்கொள்ளும். ஆழமாக வேர் விடும் வெட்டிவேர் கால்வாய்க் கரைச் சரிவை நிறுத்தி வைக்கும். ஈயத்தை இலைக்கு ஏற்றாமல் வேரிலேயே வைத்திருப்பதால்தான் இந்த வேலைக்கு இவை தோதாக இருக்கின்றன. கண்காட்சியில் குறையாகத் தெரிவது இங்கே குணமாகிவிடுகிறது.

செடியால் உலோகத்தை எடுக்கலாம் என்ற யோசனையை 1983இலேயே முன்வைத்த அமெரிக்க மண்ணியல் அறிஞர் ரூஃபஸ் சேனி, ஈயத்துக்குப் பரிந்துரைத்ததும் இந்த வழிதான். நல்ல மக்கு உரமும் பாஸ்பேட்டும் கலந்து ஈயத்தை மண்ணிலேயே முடக்கி வைக்கலாம், மேலே அடர்த்தியாகப் புல் வளர்க்கலாம் என்றார். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு பழைய குடியிருப்பில் 2011 வாக்கில் அப்படிச் செய்தார்கள். மீன்முள்ளை அரைத்து மண்ணில் கலந்தார்கள். முள்ளில் இருக்கும் பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாக மாறும். அதன் மேல் சுத்தமான மண்ணைப் போட்டுப் புல் பதித்தார்கள். மீன்முள்ளுக்கு நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் பஞ்சமா என்ன?

ஆனால் நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். தானாக முளைத்த புல்லையும் துத்தியையும் "களை" என்று மாதாமாதம் ஆள் வைத்துச் செதுக்கிவிட்டு, வழவழவென்று வெறும் மண்ணாக விட்டால்தான் விளையாட்டுத் திடல் சுத்தம் என்று நினைப்பு. அதன் மேல் பிள்ளைகள் புழுதி பறக்க ஓடுகிறார்கள். அந்தப் பக்கம் கண்காட்சியில் அதே துத்திக்குப் பரிசு, இந்தப் பக்கம் திடலில் அதே துத்திக்கு மண்வெட்டி!

மண் சரியாகும் வரிசைக்கு உதாரணம் வேண்டுமானால் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவிலேயே இருக்கிறது. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கர். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தில் முதலில் அவற்றை அகற்றினார்கள், பிறகுதான் நம் மண்ணுக்குரிய செடிகளை நட்டார்கள். குப்பையைச் செடி தின்றுவிடும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

யாருக்கு லாபம்?

"நல்ல எண்ணத்தில்தானே செய்கிறார்கள், ஆராய்ச்சியை ஏன் மட்டம் தட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனால் "செடி பார்த்துக்கொள்ளும்" என்ற வாக்கியத்தால் யாருக்கு நிம்மதி என்று யோசிக்க வேண்டும். மண்ணைக் கெடுத்தவருக்கு நிம்மதி. சோதிக்க வேண்டிய அலுவலகத்துக்கு நிம்மதி. நாலு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு நிம்மதி. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பானில் கதிரியக்க மண்ணில் சூரியகாந்தி விதைத்தார்கள். அழகாகப் பூத்தது. அளந்து பார்த்த அந்த நாட்டு வேளாண் அமைச்சகம் பெரிய பலனில்லை என்று அதே ஆண்டே சொல்லிவிட்டது. அங்கே அளந்தார்கள், அதனால் உண்மை சீக்கிரம் தெரிந்தது. அளக்காத ஊரில் பூவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரச மண்ணைப் பற்றிப் பல ஆண்டுகள் நடந்த சண்டையின் மையம் என்ன? கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டால் போதுமா, இன்னும் குறைக்க வேண்டுமா என்பது. ஓர் எண்ணுக்காக நடந்த சண்டை. மண் மாசு என்பது கடைசியில் எண்ணில்தான் வந்து நிற்கும். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வரை விடலாம், யார் பணம் கட்டுவது? இந்த மூன்றையும் கேட்காத எந்தப் பசுமைத் திட்டமும் வெறும் தோட்டக்கலை.

என்ன கேட்க வேண்டும்?

முதலில் அளக்கச் சொல்ல வேண்டும். எக்ஸ்.ஆர்.எஃப். என்ற கைக்கருவியை மண் மேல் வைத்தால் சில நிமிஷத்தில் ஈய அளவு தெரிந்துவிடும். நடேசன் பூங்கா, நாகேஸ்வரராவ் பூங்கா, பனகல் பூங்கா, மாநகராட்சிப் பள்ளித் திடல்கள் எல்லாவற்றையும் அளந்து வாசலில் எழுதிப் போட எத்தனை நாளாகும்? செருப்புக்குத் தடை, பந்துக்குத் தடை என்று எழுதும் பலகையில் இந்த ஓர் எண்ணுக்கும் இடம் இருக்கும்.

இரண்டாவது, சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் பட்டியலிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். பேட்டரி உடைத்த இடம், பெயின்ட் பட்டறை இருந்த இடம் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எழுதிக் கொடுப்பதற்கு ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

மூன்றாவது, அதிகம் என்று தெரிந்த இடத்தில் மேல்மண்ணை மாற்ற வேண்டும். நடுத்தரமாக இருந்தால் மக்கு உரமிட்டு, நல்ல மண் பரப்பி, புல்லால் மூட வேண்டும். எங்கேயும் வெறும் மண் கூடாது. பழைய எனாமலை உலர வைத்துத் தேய்க்காமல் ஈரமாக்கித் தேய்த்து, விழும் தூளைத் துணி விரித்துப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இதில் எதற்கும் கண்காட்சியில் பரிசு கிடைக்காது. அடுத்த முறை "காட்டுச் செடிகளால் ஈய மாசு நீக்கம்" என்ற அட்டையைப் பார்த்தால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். மண்ணில் மொத்தம் எத்தனை கிலோ ஈயம்? வருஷத்துக்கு எத்தனை கிராம் வெளியேறும்? அறுத்த செடி எங்கே போகும்? பதில் சொல்லிவிட்டால் தாராளமாகக் கைதட்டுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த அட்டையை எடுத்துவிட்டு, பள்ளித் திடலில் ஒரு பிடி அருகம்புல்லை நடச் சொல்லுங்கள். ஈயத்தை அது தின்னாது. ஆனால் பிள்ளைகள் அதைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளும்.